கம்ப்யூட்டர் அறையில் ஆயம்மாவுக்கு அடித்த ஷாக்

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும். ஐதராபாத் குகட்பள்ளியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்த வந்த மேடம் பாதி வாக்கியத்தில் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் திட்ட ஆரம்பித்தால் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் ரசித்துக் கேட்பார்கள். "மேடம், ஒன்ஸ் மோர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். நானும் சிரித்துவிடுவேன். கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும், அதுதான் உன்னிடம் இருக்கும் ஒரே நல்ல குணம் என்பார் என் கணவர். அவர் சொல்வது பாதிதான் சரி. போவதற்குள் என் வாய் ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கும்.

நாங்கள் திருச்சியிலிருந்து வந்தவர்கள். கணவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து, மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியபோது ஐதராபாத்தே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தது. காலியாக ஒரு சுவர் இருந்தால் அதில் ஜாவா வகுப்பு விளம்பரம் இருக்கும். பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா அம்மா, டீச்சர் எப்படி என்று கேட்பதில்லை, கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். எங்கள் பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்குள் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மைதானம் கிடையாது. பிள்ளைகள் மொட்டை மாடியில் கோகோ விளையாடினார்கள். இயற்பியல் லேப் என்பது கதவு சரியாக மூடாத ஓர் இரும்பு அலமாரி. ஆனால் கம்ப்யூட்டர் அறை மட்டும் மாளிகை. சுவரோடு சுவராக நீல நைலான் கார்ப்பெட், ஏசி, இருபது கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தைத்துப் போட்ட துணியுறை.

அந்த அறைக்குள் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகக்கூடாது. வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருந்தது. ஷூ, சாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, வரிசையாக, பேசாமல் உள்ளே போக வேண்டும். பள்ளியின் முதலாளி கரஸ்பாண்டண்ட் சார் உட்பட எல்லோருக்கும் இதே விதி. தூசி போனால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மனதார நம்பினார்கள். டீச்சர்களிலும் இரண்டு மூன்று பேர் நம்பினார்கள். தசராவுக்கு இருபது மானிட்டருக்கும் குங்குமப் பொட்டு வைத்து, வாசலில் தேங்காய் உடைத்தோம்.

அந்த விதியிலிருந்து விலக்கு பெற்ற ஒரே ஆள் எங்கள் ஆயம்மா. பெருக்கித் துடைத்து, மணியடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு டிபன் டப்பா திறந்து கொடுக்கிற பெண்ணை இங்கே பள்ளிகளில் ஆயம்மா என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஆயம்மா செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், கிறிஸ்தவர். நாற்பது வயதிருக்கும். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' என்று அவர் தமிழுக்குள் தக்கணி உருது தாராளமாகப் புழங்கும். அவருடைய மகள் என் எட்டாம் வகுப்பில்தான் படித்தாள். ஊழியர் பிள்ளை என்பதால் அவளுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அம்மா தமிழில் கேட்டால் மகள் தெலுங்கில் பதில் சொல்வாள்.

ஆயம்மாவின் குதிகால் இரண்டும் வெடித்திருக்கும். அந்தக் கார்ப்பெட்டில் நடந்தால் அதன் நூல் வெடிப்பில் மாட்டி இழுத்து ரத்தம் வந்துவிடும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டிலிருந்து புது ரப்பர் செருப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரஸ்பாண்டண்ட் சாரிடம் வாதாடி, அந்த அறைக்கு மட்டுமே என்று தனியாக வைத்துக்கொண்டால் போடலாம் என்று அனுமதியும் வாங்கிக் கொடுத்தேன். டீச்சர்கள் காட்டன் புடவைதான் கட்டவேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் என்னிடம் சும்மா கிடந்த பாலியஸ்டர் புடவைகளையும் அவருக்கே கொடுத்தேன். என்னைப் பற்றி எனக்கே அப்போது ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ஆயம்மா என்னிடம் வந்து, "டீச்சரம்மா, அந்த ரூமு எனக்கு நக்கோ. கம்ப்யூட்டரத் தொட்டா கரண்ட் அடிக்குது" என்றார். நான் சிரித்தேன். அடுத்த வாரம் அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி கிளம்பியது. அதற்கடுத்த வாரம் ஒன்று கிளம்பவே மறுத்தது. கரஸ்பாண்டண்ட் சார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் டெஸ்டரை எடுத்து இருபது கம்ப்யூட்டர், அந்த அறையிலிருந்த இரும்பு அலமாரி, ஜன்னல் கம்பி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். டெஸ்டரின் சின்ன விளக்கு எதிலும் எரியவில்லை. எர்த் எல்லாம் பக்காவாக இருக்கிறது, அந்தம்மாவுக்குத்தான் என்னவோ என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸ் கிளார்க், தசரா பூஜையில் ஏதோ குறை என்று வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். ஆயம்மா எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் செய்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் ஷாக் அடித்தது.

கடைசியில் விவகாரம் என்னிடம் வந்தது. "நீங்கள்தானே ஃபிசிக்ஸ், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் கரஸ்பாண்டண்ட் சார். அன்றைக்கு அரைப் பரீட்சைத் தாள் திருத்துகிற கடைசி நாள். எரிச்சலோடு போனேன். விதிப்படி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்றுமில்லை. வெளியே வந்தால் ஆயம்மா, அவர் மகள், இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், கரஸ்பாண்டண்ட் சார் எல்லோரும் நிற்கிறார்கள்.

"ஒண்ணும் இல்லையே ஆயம்மா" என்றேன்.

"ஹவ், உங்களுக்கு இல்ல. எனக்கு அடிக்குது. கைக்கு நான் பொய் சொல்லணும்?"

"அதைத்தான் நானும் கேட்கறேன், எதுக்குப் பொய் சொல்றீங்க? அந்த ரூமைப் பெருக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிட்டுப் போங்களேன்!"

நான் தமிழில் திட்டினால் யாருக்கும் புரியாது என்பது பழக்கமாகிப் போயிருந்தது. அன்றைக்கு அங்கே இரண்டு பேருக்குப் புரிந்தது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தரையைப் பார்த்தார்கள். கரஸ்பாண்டண்ட் சாருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரிந்துவிட்டது. சங்கராந்தி லீவு வரை பார்ப்பேன், அதற்குள் இந்த நாடகம் நிற்காவிட்டால் லீவு முடிந்து வரவே வேண்டாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆயம்மா வராவிட்டால் மகளுக்கும் அங்கே இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரியில் நிலை மின்சாரப் பாடம் வந்தது. ஐதராபாத் ஜனவரியில் காற்று காய்ந்து உதடு வெடிக்கும். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆனாலும் என் முதல் சோதனை படுத்துவிட்டது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அந்த வகுப்பில் ஒரு தலை பாக்கியில்லாமல் எண்ணெய் வழிந்தது. என் தலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், திருச்சிக்காரி. பத்துப் பேர் மாற்றி மாற்றிச் சீவியும் காகிதம் அசையவில்லை, சீப்பு மட்டும் பளபளத்தது. கடைசியில் பிளாஸ்டிக் ஸ்கேலை யூனிஃபார்ம் பேண்ட்டில் பரபரவென்று தேய்க்கச் சொன்னேன். பாலியஸ்டர் துணி. காகிதத் துணுக்குகள் துள்ளி எழுந்து ஸ்கேலில் ஒட்டின. வகுப்பே மேஜையைச் சுற்றி மொய்த்துவிட்டது.

உற்சாகத்தில் நானும் நன்றாகவே நடத்தினேன். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் இன்னொன்றுக்குப் போகும், பிளாஸ்டிக் ஒரு கடத்தாப் பொருள், அதனால் அவை ஓடிப்போக வழியில்லாமல் அங்கேயே தங்கும், இதுதான் மின்னூட்டம் என்றேன். ஒயரில் ஓடுகிற கரண்ட் வேறு, இது வேறு, இது சேர்ந்து உட்கார்ந்திருப்பது, வழி கிடைத்தால் ஒரே பாய்ச்சலில் போய்விடும் என்றேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வகுப்பில் வாயே திறக்காத ஆயம்மாவின் மகள் கையைத் தூக்கினாள்.

"மேடம், மனுஷுல்னி கூட ரப் சேயொச்சா?"

மனிதர்களையும் தேய்க்கலாமா என்று கேட்கிறாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவன் பக்கத்தில் இருந்தவன் மேல் ஸ்கேலைத் தேய்த்துக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. இங்கிலீஷுக்கு மாறி, நிதானமாகச் சொன்னாள். அவள் அம்மாவுக்கு உள்ளே போனவுடன் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. கடைசி வரிசை வரை பெருக்கிவிட்டு வந்து தொட்டால்தான் அடிக்கிறது. ஒருமுறை அடித்துவிட்டால் உடனே மறுபடி தொட்டால் அடிப்பதில்லை. கொஞ்சம் நடந்தால் அடிக்கிறது.

என் கையில் சாக்பீஸ் இருந்தது. கரும்பலகையில் நான் எழுதிய பாடம் இருந்தது. 'எப்போது அடிக்கிறது?' என்று நான் ஒருநாளும் ஆயம்மாவிடம் கேட்டதில்லை. இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பொய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மணி அடித்தது. அடித்தது ஆயம்மாதான்.

மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் அந்த ரப்பர் செருப்பு இருந்தது. போட்டுக்கொண்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்து, பெருக்குகிற மாதிரி காலை இழுத்து இழுத்து அறையைச் சுற்றினேன். நாலைந்து சுற்று. பிறகு இரும்பு அலமாரியை நோக்கி விரலை நீட்டினேன். தொடுவதற்கு முன்பே 'பட்'டென்று ஒரு பொறி. "அய்யோ அம்மா!" என்று கத்திவிட்டேன். வலித்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமான வலியை அதற்கு முன் நான் பட்டதில்லை. மறுபடி சுற்றினேன், மறுபடி தொட்டேன், மறுபடி கத்தினேன். மூன்றாவது தடவை கத்தியபோது வாசலில் ஆயம்மா நின்றுகொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார்.

அப்போதுதான் நானும் என் காலைப் பார்த்தேன். கார்ப்பெட்டோடு உரசிச் சேர்கிற மின்னூட்டம் தரைக்கு இறங்காமல் உடம்பிலேயே தேங்கி நிற்பது இந்த ரப்பர் செருப்பால். வெறுங்காலோடு போகிற எங்களுக்கு அவ்வளவு சேர்வதுமில்லை, சேர்ந்தாலும் கசிந்துவிடும். போதாததற்கு நான் கொடுத்த பாலியஸ்டர் புடவை வேறு. மொத்தத்தில் அந்த அம்மாவுக்கு மின்னூட்டம் ஏற்றி அனுப்பியதே நான்தான். அதற்கு மேல் பொய்க்காரி என்றும் சொல்லியாயிற்று.

"ஆயம்மா, மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னது நிஜம்" என்றேன்.

"திட்டுனது எல்லார் முன்னாடியும். சொல்றது மட்டும் தனியாவா டீச்சரம்மா?" என்றார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லீவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாளே எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனேன். கரஸ்பாண்டண்ட் சாரை நயமாகப் பேசி வரவழைத்தேன். எலக்ட்ரீஷியனையும் டெஸ்டரோடு வரச் சொல்லியிருந்தேன். திரைச்சீலையை இழுத்து, விளக்கை அணைத்து அறையை இருட்டாக்கினோம். முதலில் எலக்ட்ரீஷியன் வெறுங்காலோடு நின்று அலமாரியை டெஸ்டரால் தொட்டார். விளக்கு எரியவில்லை. "நான் அன்றைக்கே சொன்னேன்" என்றார். பிறகு அதே டெஸ்டரை ஆயம்மாவிடம் கொடுத்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, தினமும் பெருக்குகிற மாதிரியே கடைசி வரிசை வரை நடந்து திரும்பினார். டெஸ்டரின் தலையில் கட்டைவிரலை அழுத்தி, முனையை அலமாரியிடம் கொண்டுபோனார். சின்ன விளக்கு ஆரஞ்சாகப் பளிச்சென்று மின்னி அணைந்தது.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் இரண்டாவது மாடியிலிருந்து டீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரண்ட் கம்ப்யூட்டரில் இல்லை, வந்து தொடுகிற ஆளிடம் இருந்தது, கம்ப்யூட்டர் கெட்டதும் அந்தப் பொறி பாய்ந்துதான் என்று நான் விளக்கினேன். கரஸ்பாண்டண்ட் சாருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. நானே பார்க்கிறேன் என்று ஆயம்மாவின் செருப்பை வாங்கித் தன் பெரிய காலைப் பாதி நுழைத்துக்கொண்டு அறையைச் சுற்றினார். டெஸ்டர் வேண்டாம் என்று விரலையே நீட்டினார். "அம்மோ!" என்று ஓரடி பின்னால் துள்ளினார். நாற்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவர் கையை உதறிக்கொண்டே, சரி சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே போய்விட்டார்.

என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே யோசித்தார்கள். ரப்பர் செருப்புக்குப் பதில் காட்டன் சாக்ஸ் போட்டால் நூலும் மாட்டாது, மின்னூட்டமும் அவ்வளவு சேராது என்றாள் ஆயம்மாவின் மகள். செய்து பார்த்தோம். டெஸ்டர் மின்னவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பாடம் நடத்தினால் இப்படி நடத்த வேண்டும் என்று வீட்டில் போய் ஒரு மணி நேரம் பேசினேன். அந்தப் பெருமையில், ஆயம்மா என்னிடம் கேட்ட ஒன்றை நான் இன்னும் செய்யவில்லை என்பதே மறந்துபோனது.

லீவுக்கு முந்தின நாள், கடைசிக்கு முந்தின பீரியடில் ஆயம்மா சர்க்குலர் புத்தகத்தோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கரஸ்பாண்டண்ட் சார் எழுதுவதை அவர்தான் முதல் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்பாகக் கொண்டுபோவார். டீச்சர் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். வாங்கிப் படித்தேன். கம்ப்யூட்டர் அறையில் இனி யாரும் எந்தச் செருப்பும் அணியக்கூடாது, ஆயம்மா காட்டன் சாக்ஸ் அணியலாம், அவர் வழக்கம்போல் வேலைக்கு வருவார் என்று இங்கிலீஷில் மூன்று வரி.

வகுப்பு கைதட்டியது. மகள் முகத்தில் சிரிப்பு. கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை நீட்டினேன். ஆயம்மா வாங்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"நான் பொய் சொல்லலன்னு இதுல எங்க போட்டிருக்கு டீச்சரம்மா?"

மூன்று வரியையும் மறுபடி பார்த்தேன். எங்கும் இல்லை. "போடலை ஆயம்மா" என்றேன்.

"ஹவ். ஏழு கிளாஸ்லயும் படிக்கும்போது கேட்டுட்டுத்தான் வந்தேன். யாரும் அந்த மாதிரி ஒண்ணும் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை யார் மேல் வர வேண்டுமோ அவள் மேலேயே, என் மேலேயே வந்தது. வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஆயம்மாவைப் பொய் சொல்கிறார் என்று திட்டியது நான், அவர் சொன்னது முழுக்க உண்மை, தப்பு என்னுடையது என்று தமிழில் சொன்னேன். பிறகு இங்கிலீஷில் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த ஓட்டைத் தெலுங்கில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, ஒன்ஸ் மோர் கேட்கவில்லை.

புத்தகத்தை மேஜையில் வைத்து, கரஸ்பாண்டண்ட் சாரின் மூன்று வரிக்குக் கீழே சிவப்பு மையில் இங்கிலீஷில் எழுதினேன்: ஆயம்மா கூறியது உண்மை. சோதனை செய்து உறுதி செய்யப்பட்டது. எட்டாம் வகுப்பு. என் வேலைக்கு இது நல்லதில்லை என்று தெரிந்தேதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். முதல் பெஞ்சில் ஒருவன், "நாங்களும் சாட்சிதானே மேடம்?" என்றான். புத்தகம் பெஞ்சு பெஞ்சாகப் போனது. அடுத்த பக்கமும் நிறைந்தது. ஆயம்மாவின் மகளிடம் வந்தபோது அவள் அப்படியே பின்னால் தள்ளிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"நான் அவங்க பொண்ணு மேடம். என் கையெழுத்து செல்லாது" என்றாள். அவள் தமிழில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புத்தகத்தை ஆயம்மாவிடம் கொடுத்து, சிவப்பு வரியை விரல் வைத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி வெளியே போனார். அடுத்தது ஒன்பதாம் வகுப்பு, பக்கத்து அறைதான். வாசலில் நின்று பார்த்தேன். ஆயம்மா அந்தப் பக்கம் போகவில்லை. வெடித்த குதிகாலோடு மெதுவாகப் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனார், முதல் வகுப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க.